மத்தாப்புப் பெட்டிப் பிள்ளை

ஒரு உறையில் இரண்டு கத்தி இருக்காது என்பார்கள். மாரிக்கண்ணன் இருக்க வைத்திருந்தான். சிவகாசி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் டிசைன் செய்து கொடுக்கும் அவனுடைய கடையில் இருந்தது ஒரே ஒரு கம்ப்யூட்டர். அதற்குள் இரண்டு விண்டோஸ் குடியிருந்தன. ஒன்று பழைய தொண்ணூற்றெட்டு, இன்னொன்று எக்ஸ்பி. சுவிட்சைப் போட்டதும் கறுப்புத் திரையில் இரண்டு வரி வந்து நிற்கும். எது வேண்டுமோ அதன்மேல் நகர்த்தித் தட்ட வேண்டும். தட்டாமல் சும்மா இருந்தால் அதுவே எக்ஸ்பிக்குள் போய்விடும்.

ஆசைப்பட்டுச் செய்துகொண்ட ஏற்பாடு இல்லை. பிரஸ்காரர்கள் புது சாஃப்ட்வேரில் செய்த பைல்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார்கள். அது எக்ஸ்பியில்தான் ஓடும். அவனுடைய ஸ்கேனரோ எக்ஸ்பியைக் கண்டால் கட்டை மாதிரிக் கிடக்கும். அதைச் செய்த கம்பெனி பழைய விண்டோஸுக்கு மட்டும் அதை ஓட்டும் டிரைவர் சாஃப்ட்வேரைக் கொடுத்துவிட்டு அத்தோடு கைகழுவிவிட்டது. ஆக, ஒரு போட்டோவை ஸ்கேன் செய்ய வேண்டுமென்றால் எக்ஸ்பியை மூடி, பழசைத் திறந்து, ஸ்கேன் செய்து, இரண்டுக்கும் பொதுவான ஒரு டிரைவில் போட்டுவைத்து, பழசை மூடி, மறுபடி எக்ஸ்பிக்கு வர வேண்டும். நேரடியாகக் கொடுக்கல் வாங்கலும் கிடையாது. எக்ஸ்பி தன் பங்குக்கு வைத்திருக்கும் டிரைவ் பழசின் கண்ணுக்கே தெரியாது.

"ரெண்டு பொண்டாட்டிக்காரன் பொளப்புண்ணே இது. பளசத் தள்ளி வச்சுருங்க" என்பான் ரிப்பேருக்கு வரும் விக்னேஷ்குமார். மாரிக்கண்ணன் சிரித்துக்கொள்வான். தள்ளி வைத்தால் ஸ்கேனருக்கு எங்கே போவது?

அது ஆவணி மாதம். தீபாவளி ஆர்டர் மும்முரத்தில் ஊரே பைத்தியம் பிடித்த மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. அச்சங்குளத்துப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் அறை வெடித்து, உள்ளே இருந்தவர்கள் போய்ச் சேர்ந்து, ஒரு வாரம் தாண்டியிருந்தது. தீபாவளி நெருங்க நெருங்க இந்தச் சீமையில் ஆம்புலன்ஸ் சத்தமும் நெருங்கும். ஒருநாள் பேப்பரில் போடுவார்கள். மறுநாள் அந்த இடத்தில் ஜவுளிக்கடை விளம்பரம் வரும். வேன்கள் மட்டும் வழக்கம்போல விடியற்காலையில் ஊர் ஊராகப் போய் ஆள் ஏற்றும். மனிதர்கள் இதற்குப் பழகிக்கொண்டதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

அப்படி ஒரு காலை வேளையில் கடைவாசலில் ஒரு அம்மாள் வந்து நின்றாள். செருப்பை வெளியே கழற்றிவிட்டு, உள்ளே வரலாமா என்று கேட்காமல், போகவும் செய்யாமல் நின்றாள். மாரிக்கண்ணன் அழைத்து நாற்காலியைக் காட்டினான். அவள் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தாள். பெயர் கருப்பம்மாள் என்றாள்.

"எங்க வீட்டுக்காரரு சங்கிலிமுத்து. ரத்தினசாமி மொதலாளி கம்பெனியில லோடு ஏத்துனாரு. எம் மக மூஞ்சிய மத்தாப்புப் பெட்டியில போட்டீகளே, ஞாபகம் இருக்கா தம்பி?"

மாரிக்கண்ணனுக்கு ஞாபகம் வந்தது. குட்டிராணி கம்பி மத்தாப்பு. அவன் கடை தொடங்கிய புதிதில் செய்த லேபிள். அப்பாவுக்குச் சோறு கொண்டுவந்த ஏழு வயதுப் பிள்ளையின் சிரிப்பைப் பார்த்துவிட்டு, ரத்தினசாமி ஆசைப்பட்டுப் போட்டோ எடுக்க வைத்தார். அந்தப் பிள்ளைதான் பாண்டிச்செல்வி. அச்சங்குளத்தில் வெடித்த அறைக்குள் இருந்தவள் அவள்.

மற்றதையெல்லாம் கருப்பம்மாள் நிதானமாகச் சொன்னாள். சங்கிலிமுத்து மஞ்சள்காமாலையில் செத்துப்போன அதே மாதத்தில்தான் பிள்ளை ஆளானாள். துக்க வீடென்று சடங்கும் செய்யவில்லை, போட்டோவும் எடுக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் வரிசையாக உட்காரவைத்து எடுத்த படத்தை அன்றைக்கு வாங்காமல் விட்டுவிட்டார்கள். ரேஷன் கார்டில் அப்பன் முகம்தான் இருக்கிறது. அப்புறம் பிள்ளை வேலைக்குப் போய்விட்டாள். வேலைக்குப் போகிற பிள்ளையை யார் போட்டோ எடுக்கப்போகிறார்கள்? பதினாறாம் நாள் விசேஷத்துக்கு வைக்கப் படம் வேண்டும் என்றுதான் வந்திருந்தாள்.

"பதினாறுக்கு மட்டுமில்ல தம்பி. ஆஸ்பத்திரியில துணியில கட்டிக் குடுத்தாக. பாக்க வேணாம்னு ஆம்பளைக எல்லாம் தடுத்துட்டாக. இப்பம் கண்ண மூடுனா அந்தத் துணிக்கட்டுதான் வருது. புள்ள மூஞ்சி வரமாட்டேங்குது. எனக்கு அவ மூஞ்சி வேணும்."

மாரிக்கண்ணன் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டான். முடிந்த லேபிள்களையெல்லாம் அவன் எக்ஸ்பியில் வைத்திருந்தான். தேடுவதற்குச் சிரமமே இல்லை. குட்டிராணி திறந்தது. எழுத்தையும் தங்கக் கரையையும் விலக்கிவிட்டு, முகத்தை மட்டும் திரை நிறையப் பெரிதாக்கி, நாற்காலியை நகர்த்தி அவளுக்கு வழிவிட்டான்.

கருப்பம்மாள் எழுந்து கிட்டே வந்து பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

"இது யாரு?"

மாரிக்கண்ணன் மறுபடி திரையைப் பார்த்தான். திரையில் சிரித்த பிள்ளை பால்வெள்ளை. கன்னத்தில் ரோஜா நிறம். உதட்டில் சாயம் பூசின சிவப்பு. நெற்றியில் ஒரு கீறல் கூட இல்லை. அவன் செய்த வேலைதான். அன்றைக்கு ரத்தினசாமி அவன் நாற்காலிக்குப் பின்னால் உட்கார்ந்து, "நல்லா வெளுக்க விடுப்பா. இது வடக்க போற சரக்கு. கருத்த புள்ளைய வச்சா எவன் பெட்டியத் தூக்குவான்?" என்று சொல்லச் சொல்ல, அவன் வெளுக்க வெளுக்க விட்டான். அவன் மட்டுமா? இந்த ஊரில் லேபிள் அடிக்கிற எல்லாருடைய கையும் அப்படித்தான் பழகியிருந்தது. கருகருவென்ற மனிதர்கள் இரவு பகலாக வேலை செய்து, சிவப்பு மனிதர்களின் படம் ஒட்டி அனுப்புகிற ஊர் இது.

அந்தக் காலத்தில் சங்கிலிமுத்து ஒரு பெட்டியை வீட்டுக்குக் கொண்டுபோனபோது கருப்பம்மாள் அதைப் பார்க்காமல் இல்லை. பார்த்துப் பூரித்துத்தான் போனாள். கட்டைவிரல் அகலத்துப் படம். பக்கத்திலேயே பிள்ளை நின்றாள். படத்தில் எது குறைந்தாலும் நேரில் நின்ற முகம் அதை நிரப்பிக்கொடுத்தது. இப்போது நிரப்ப ஆளில்லை.

"அது எம் புள்ள தம்பி. இது எம் புள்ள இல்ல" என்றாள், பெட்டியும் திரையும் வேறு வேறு என்பதுபோல.

மாரிக்கண்ணன் மறைக்கவில்லை. இது அவள்தான் என்றும், முதலாளி சொன்னபடி தானே நிறத்தை மாற்றியதாகவும் சொன்னான். முதலில் ஸ்கேன் செய்த அசல் படம் இதே கம்ப்யூட்டருக்குள் இன்னொரு பக்கத்தில் இருக்கலாம், அதைத் திறந்து பார்க்கிறேன் என்றான். சொல்லிவிட்டு எக்ஸ்பியை மூடினான். முகம் பட்டென்று மறைந்து திரை இருண்டது.

கருப்பம்மாள் துள்ளி எழுந்தாள். இல்லை என்று சொன்னவள்தான், இப்போது இருட்டுத் திரையை நோக்கிக் கையை நீட்டிவிட்டாள். "ஏன் அணைச்சீக? எங்க போனா?"

"இங்கனதான்க்கா இருக்கா. அடுத்த கதவத் தெறந்து பாக்கணும்னா இதச் சாத்தித்தான் ஆகணும்."

இரண்டு வரி வந்தது. அவன் பழசைத் தட்டினான். பழசு வயசானவர் படியேறுவதுபோல நின்று நின்று திறந்தது. அந்த வருஷத்துப் படங்களுக்கென்று வைத்திருந்த இடத்தைத் திறக்கும்போதுதான் அவனுக்கு உறைத்தது. அதில் அசல் இருக்க வாய்ப்பில்லை. ஆயுத பூஜை வந்தால் இந்த ஊரில் ஒரு மிஷின் அழுக்காக இருக்காது. பிரஸ்களில் ரோலரைத் துடைத்து மை வாசனையே இல்லாமல் ஆக்குவார்கள். மாரிக்கண்ணன் கம்ப்யூட்டரை வெளியே துணியால் துடைத்துவிட்டு, உள்ளேயும் சுத்தம் செய்வான். வேலை முடிந்த பழைய ஸ்கேன்களையெல்லாம் குப்பை என்று அழித்து, இடம் காலியானதைப் பார்த்துத் திருப்திப்பட்டு, மானிட்டருக்குச் சந்தனம் குங்குமம் வைப்பான். லேபிளாகத் தேறியது இருக்கும். பிள்ளையாக வந்தது இருக்காது.

எதற்கும் இருக்கட்டும் என்று டிரைவ் முழுக்கத் தேடவிட்டான். தேடுகிற பூதக்கண்ணாடிப் படம் திரையில் சுற்றிச் சுற்றி வந்தது. ஒன்றும் இல்லை என்று சொன்னது. அசல் போட்டோவைத் திருப்பி வாங்கிப்போன ரத்தினசாமியும் இப்போது இல்லை. அவர் கண்ணை மூடியதும் கம்பெனியை இழுத்து மூடிவிட்டார்கள்.

"பூசைக்குச் சுத்தம் பண்ணையில அளிச்சுட்டேன்க்கா" என்றான். அவனுக்கு அழுகை வந்தது. பிள்ளையைப் பறிகொடுத்தவள் முன்னால் தான் அழுவது அசிங்கம் என்று அடக்கிக்கொண்டான்.

கருப்பம்மாள் அவனை ஏசவில்லை. ஏசியிருந்தால் அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"நா மட்டும் என்ன செஞ்சேன்? அந்தப் பெட்டி அட்டைய சொவத்துல ஒட்டி வச்சிருந்தாரு அவரு. போன பொங்கலுக்கு வெள்ளையடிக்கையில நாந்தான் சொரண்டி எறிஞ்சேன். பக்கத்துல சுண்ணாம்புச் சட்டியப் பிடிச்சுக்கிட்டு நின்னா புள்ள. அவதான் கண்ணு முன்னால நிக்காளேன்னு எறிஞ்சேன்."

வெளியே அட்டைப்பெட்டி ஏற்றிய லாரி ஒன்று ஆரன் அடித்துக்கொண்டே போனது. மாரிக்கண்ணன் யோசித்துப் பார்த்தான். மூக்கு அவளுடையதுதான். சிரிப்பு, பல் வரிசை, காதோரம் விழுந்த முடி, எதிலும் அவன் கைவைக்கவில்லை. நிறத்தைத்தான் கெடுத்தான். கெடுத்தவனே சரிசெய்தால் என்ன? ஆனால் எந்த நிறத்துக்கு? கறுப்பில் எத்தனையோ கறுப்பு உண்டு. மாநிறத்தில் எத்தனையோ மாநிறம். கண்டபடி பூசினால் இன்னொரு வேற்றுப்பிள்ளைதான் வரும்.

பிள்ளை என்ன நிறம் என்று கேட்டான்.

"எந் நெறந்தான்" என்று கருப்பம்மாள் முன்கையை நீட்டினாள். "என்னைய உரிச்சு வச்சவ."

அவன் அந்தக் கையைப் பார்த்தான். மேஜைமேல் கிடந்த ஸ்கேனரைப் பார்த்தான். பழசு திறந்திருக்கும்போது மட்டும் உயிர் வருகிற ஸ்கேனர், பச்சை விளக்கு எரியக் காத்திருந்தது. மூடியைத் தூக்கிவிட்டு, கையைக் கண்ணாடிமேல் கவிழ்த்து வைக்கச் சொன்னான்.

"சுடுமா தம்பி?"

"சுடாதுக்கா. வெளிச்சம் மட்டுந்தான்."

அவள் வைத்தாள். கண்ணாடிக்கு அடியில் வெள்ளை வெளிச்சம் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு ஊர்ந்து போனது. அது தன் கைக்குக் கீழே வந்தபோது அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டதை மாரிக்கண்ணன் பார்த்தான். அந்த வெளிச்சத்துக்கு இவள் இப்படிப் பயந்தால், பிள்ளை எப்படிப் பயந்திருப்பாள் என்று ஓடிய நினைப்பை அவனால் நிறுத்த முடியவில்லை.

படத்தைப் பொது டிரைவில் போட்டுவிட்டுப் பழசை மூடினான். மறுபடி இருட்டு, மறுபடி இரண்டு வரி, எக்ஸ்பி. கைப்படத்திலிருந்து நிறத்தை எடுத்துப் பிள்ளையின் முகத்தில் ஏற்றினான். ஏறியது பிள்ளையின் நிறம் இல்லை. சாம்பல். வருஷக்கணக்காக மத்தாப்புக் கம்பியை மருந்தில் முக்கி முக்கிக் காயவைத்த கை அது. அலுமினியத் தூளும் வெயிலும் தின்ற தோல். எத்தனை குளித்தும் போகாத அந்தச் சாம்பல் நிறம் பிள்ளையின் கன்னத்தில் ஏறி, சிரித்த முகத்தைப் பிணமாக்கிவிட்டது.

கருப்பம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டாள்.

"அப்பிடிப் பண்ணாதீக" என்றாள் தெருவைப் பார்த்துக்கொண்டே.

அவன் சட்டென்று அந்த நிறத்தை எடுத்துவிட்டான். தப்பு எங்கே என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. கேட்கத்தான் வாய் வரவில்லை. வேலையும் வெயிலும் படாத இடம் வேண்டும், ரவிக்கைக் கைக்கு உள்ளே இருக்கிற தோல் வேண்டும் என்று ஒரு பெண்பிள்ளையிடம் எப்படிக் கேட்பது? தலையைக் குனிந்துகொண்டு கேட்டான். கருப்பம்மாள் ஒரு நிமிஷமும் தயங்கவில்லை. உள்ளே வந்து ரவிக்கைக் கையைத் தோள்வரைக்கும் சுருட்டி விட்டாள்.

"திரும்பவும் அணைக்கணும்க்கா. ஸ்கேனருக்கு அந்தப் பக்கந்தான் போகணும்."

அவள் திரையைப் பார்த்தாள். வெள்ளைப்பிள்ளை சிரித்துக்கொண்டிருந்தது. "திரும்பி வந்துருவாள்ல?"

"வருவாக்கா."

அவள் சரி என்று சொன்ன பிறகுதான் அவன் மூடினான். மேஜையின் உயரத்துக்கு மேல்கை எட்டாததால் ஸ்கேனரைத் தரையில் இறக்கிவைத்தான். கருப்பம்மாள் மண்டியிட்டுக் குனிந்து, தோளுக்குக் கீழே உட்புறத்தைக் கண்ணாடிமேல் சாய்த்தாள். தலை ஸ்கேனரின் ஓரத்தில் படிந்திருந்தது. வெளிச்சம் போய்த் திரும்பும்வரை அசையாமல் கிடந்தாள். பிள்ளைக்குப் பால் கொடுக்கிறவள் ஒருக்களித்துப் படுக்கிற படுக்கை அது. மாரிக்கண்ணன் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றான்.

எக்ஸ்பிக்கு வந்து இந்த முறை மெதுவாகச் செய்தான். மேல்கையின் நிறத்தைக் கொஞ்சங்கொஞ்சமாக ஏற்றினான். கன்னத்து ரோஜாவைத் துடைத்தான். உதட்டுச் சிவப்பைக் கழற்றினான். கண்ணில் தான் தெளித்திருந்த மினுக்கை எடுத்தான். பின்னால் நின்ற கருப்பம்மாள் தானாகவே கிட்டே வந்து, வலது புருவத்துக்கு மேலே திரைமேல் விரலை வைத்தாள். அடிபம்புக் கைப்பிடி பட்ட தழும்பு, சின்னக் கோடு, முடிவில் கொஞ்சம் வளையும் என்றாள். அவன் போட்டான். இன்னும் மேலே என்றாள். போட்டான். அவ்வளவு வளைவு இல்லை என்றாள். நிமிர்த்தினான்.

அவன் திரும்பிப் பார்த்தபோது முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றாள். சத்தம் வரவில்லை. உடம்பு மட்டும் குலுங்கியது. வெகு நேரம் கழித்து, திரையைப் பார்த்து, "ஏ பாண்டிச்செல்வி" என்று கூப்பிட்டாள். தெருவில் விளையாடுகிற பிள்ளையைச் சோறு உண்ணக் கூப்பிடுகிற குரல்.

படத்தில் இருந்தது ஏழு வயதுப் பிள்ளை. செத்துப்போனவள் மாப்பிள்ளை பார்க்கப் பேச்செடுத்த பெண். இடையில் போன வருஷங்களை எந்தப் பக்கத்து விண்டோஸாலும் கொடுக்க முடியாது. அவள் அதைக் கேட்கவும் இல்லை.

அவன் பெரிதாகப் பிரிண்ட் எடுத்து, ஈரம் காயும்வரை விசிறி, கவரில் போட்டுக் கொடுத்தான். கருப்பம்மாள் முந்தானையில் இருந்த காசு முடிச்சை அவிழ்க்கப் போனபோது வேண்டாம் என்று கையைப் பிடிக்காத குறையாகத் தடுத்தான். அவளுக்கு இன்னும் ஏதாவது செய்ய வேண்டும் போல அவனுக்கு இருந்தது. அந்தப் பழைய லேபிளை மறுபடி திறந்தான். பால்வெள்ளைப் பிள்ளை ரோஜாக் கன்னத்தோடு வந்து சிரித்தது. அதைப் பார்க்க அவனுக்கே பொறுக்கவில்லை.

"இத அளிச்சுருதேன்க்கா. இந்தக் கண்றாவி இனிமே எதுக்கு?" என்று விசைப்பலகையில் விரலை வைத்தான்.

படியில் இறங்கி ஒரு செருப்பை மாட்டியிருந்த கருப்பம்மாள் திரும்பி உள்ளே எட்டிப் பார்த்தாள். அந்த வெள்ளைமுகத்தைக் கோபமில்லாமல் பார்த்தாள்.

"அது கெடக்கட்டும் தம்பி. அது என்ன பாவம் பண்ணுச்சு? அது வேன்ல ஏறாது, வேலைக்கிப் போகாது. அதாச்சும் இருந்துட்டுப் போகட்டும்."

கவரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவள் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தாள். மாரிக்கண்ணன் விரலை எடுத்துவிட்டான்.